காந்தம் எங்கே போகும்

என் அண்ணன் எனக்கு ஐந்து வயது மூத்தவன். அப்பா இறந்த வருடம் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு வேலைக்குப் போனான். நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும்போது திருவொற்றியூரில் ஒரு பழைய இரும்பு யார்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். கிரேனின் நுனியில் வண்டிச்சக்கரம் அகலத்துக்கு ஒரு கரண்டு காந்தம் தொங்கும். அதை வைத்துத்தான் துருப்பிடித்த இரும்பையெல்லாம் லாரியில் ஏற்றுவான்.

எழுபதுகளின் தொடக்கம். விண்மீன்கள் எப்படிப் பிறக்கின்றன என்று வகுப்பில் நான் பேச வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, ராயபுரத்து வீட்டில் தரையெல்லாம் தாள்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தேன். அண்ணன் சோற்றுத் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

“இன்னா பாப்பா அது?”

சொன்னேன். வானத்தில் பெரிய பெரிய வாயு மேகங்கள் இருக்கின்றன. தன் எடையாலேயே அவை சுருங்கப் பார்க்கும். சுருங்கி இறுகினால் விண்மீன். ஆனால் மேகத்துக்குள் ஊடுருவியிருக்கும் காந்தப்புலம் சுருங்க விடாமல் தாங்கிப் பிடிக்கும். இரண்டு மேகங்கள் மோதிக்கொண்டால், மோதிய இடத்தில் வாயு நெருக்கியடித்துக் குவியும். அந்தக் குவியலின் எடை காந்தத்தை மீறும்போது விண்மீன் பிறக்கத் தொடங்கும்.

“காந்தம்னா இழுக்கத்தானே செய்யும்? இது தடுக்குதா?”

“இரும்பைத்தான் இழுக்கும். இது வேற.”

சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். “மேகம் சுருங்குச்சின்னா உள்ள கீற காந்தமும் கூடவே நெருங்கி வரும்ல? அப்ப அது இன்னும் கெட்டியாயிடுமே. அவ்ளோ காந்தமும் எங்க போவும்?”

என் தாள்களில் அதற்குப் பதில் இல்லை. “உனக்கெல்லாம் சொன்னாப் புரியாதுண்ணா,” என்றேன். பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

புதன்கிழமை நான் பேசி முடித்ததும் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மேகத்தில் இருந்த காந்தம் முழுவதும் விண்மீனுக்குள் வந்து சேர்வதில்லையே, அது எங்கே போகிறது? நான் தாள்களைப் புரட்டினேன். பெரிய ஆட்களே இன்னும் அதில் முட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி அவரே என்னை உட்காரவைத்தார்.

அன்றைக்கே அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு என்று தள்ளிப்போட்டேன். அவனும் அதன்பிறகு என் படிப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் அவனுக்கு மஞ்சள்காமாலை கண்டது. யாரோ கொடுத்த பச்சிலையைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவனுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. ஆறாம் நாள் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்ட வாசலில் நின்றபோது, யார்டில் அவனோடு வேலை செய்த ஒருவர் வந்தார்.

“நீதானேம்மா நட்சத்திரம் படிக்கிற தங்கச்சி? சாப்பாட்டு டைம்ல உன்னப் பத்திதான் பேசிக்கினு இருப்பான். ஏதோ கேட்டானாம், படிச்சிட்டு சொல்றேன்னியாம்.”

“ஆமாங்க,” என்றேன்.

ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லிப் பேராசிரியர் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். நான் போகவில்லை. அடுத்த ஜூனில் வண்ணாரப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாவைத் தனியே விட்டுப் போக முடியாது என்று எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் உண்மைதான்.