அத்தையும் நானும் ஒரே பிளக்கரும்

எங்கள் வீட்டு ஜன்னலில் ஒரு பிளக்கர் கிடக்கும். காலையில் வெளிச்சம் வந்ததும் அத்தை அதை எடுத்து, முகவாயில் முளைத்த முடிகளைப் பிடுங்குவாள். அவள் வைத்ததும் நான் எடுப்பேன். வருஷக்கணக்காக அதைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஏன் இருவருக்கும் அது தேவைப்படுகிறது என்று மட்டும் ஒருவரும் யோசித்ததில்லை. என்னையும் சேர்த்து அப்படியொரு புத்திசாலிக் குடும்பம்.

அத்தை என் அப்பாவின் அக்கா. குழந்தை இல்லை என்று நெமிலியில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள்.

எனக்கு மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போனபோது அம்மா பழியைக் கம்பெனி மேல் போட்டாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். தோல் ஒட்டும் சொல்யூஷன் வாடைதான் காரணமாம். எங்கள் ஊரில் தலைவலியிலிருந்து முடி கொட்டுவது வரை எல்லாவற்றுக்கும் தோல்தான் குற்றவாளி. பல நேரம் அது உண்மையும்கூட, அதனால் இதையும் நம்பினோம்.

“இந்த மாசத்தோட நின்னுடு. கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு,” என்றாள் அம்மா. எனக்கு அழுகை முட்டியது. அந்த மெஷினும் பக்கத்து மெஷின் தோழிகளும் இல்லாமல் நான் வீட்டில் என்ன செய்வேன்?

வேலையை விடும் முன் வேலூரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். துணைக்கு அத்தையும் வந்தாள். ஸ்கேனைப் பார்த்துவிட்டு பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டி, முகவாய் முடியும் அதனால்தான் என்றார் டாக்டர். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்.

அம்மாவுக்கு அது பிறந்த வீட்டின் மேல் விழுந்த பழியாகப் பட்டது. “எங்க பக்கம் யாருக்கும் கிடையாது மேடம். என் அக்கா தங்கச்சி எல்லாம் புள்ள பெத்தவங்க.”

“அப்பா பக்கம்? அந்த வழியிலயும் வரலாம்.”

கதவோரம் நின்ற அத்தைதான் பேசினாள். “எனக்கு இருந்துது மேடம். இதே மாதிரி. நான் கம்பெனி வாசப்படிகூட மிதிச்சதில்ல.”

வேலையை விடத் தேவையில்லை என்றார் டாக்டர். மாத்திரை, நடை, சாப்பாடு எல்லாம் விளக்கினார். சிகிச்சை எடுத்துப் பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர் என்றார். எழுந்திருக்கும்போது அத்தை கேட்டாள்:

“எங்க காலத்துலயும் இதுக்கு வைத்தியம் இருந்துதா?”

“இருந்துதும்மா. யாராவது கூட்டிட்டு வந்திருக்கலாம்.”

அத்தை தலையாட்டினாள். பஸ்ஸில் அம்மா “அண்ணி...” என்று தொடங்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஜன்னலோரம் அத்தை என் முகவாயை நிமிர்த்திப் பிடித்து, தானே முடியைப் பிடுங்கினாள். “என்னாலதான் உனக்கு வந்துச்சாடி?”

இதையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறாளே!

“இல்ல அத்தே. உன்னாலதான் இன்னிக்கு வேலைக்குப் போறேன்.”

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அத்தை என் முகவாயை விடவில்லை.