உப்பில்லாத தண்ணீர்

கோதண்டத்தை மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்தில் ஒருத்தரும் ஆம்பிளையாக மதித்ததில்லை. படகில் ஏறினாலே அவருக்குக் குடலைப் புரட்டும். எழுபத்திரண்டில் மீனம்பாக்கத்தில் விமானத்துக்கு எண்ணெய் போடும் வேலை கிடைத்ததும், கடலிடமிருந்து தப்பித்துவிட்டதாகத்தான் நினைத்தார். எங்கே தப்பிப்பது?

சின்ன ஜெட் விமானங்கள் அவர் பொறுப்பு. அவற்றுக்கு வயிறு இறக்கையில். இடது இறக்கைத் தொட்டி இடது இன்ஜினுக்கு, வலது தொட்டி வலது இன்ஜினுக்கு. உள்ளேயிருக்கும் பம்புகள் எண்ணெயைத் தள்ளிவிடும். ஒரு பக்கம் மக்கர் செய்தால் நடுவிலிருக்கும் வால்வைத் திறந்து ஒரே தொட்டியிலிருந்து இரண்டுக்கும் ஊட்டலாம். எண்ணெய் என்பதும் நன்றாகச் சுத்தம் செய்த மண்ணெண்ணெய்தான். பயமெல்லாம் தண்ணீருக்கு. தொட்டிக்குள் புகும் ஈரக்காற்று மேலே பறக்கும்போது குளிரில் வேர்த்து, தண்ணீராகி அடியில் தங்கும். அது உறைந்து வடிகட்டியை அடைத்தால் இன்ஜினுக்கு மூச்சு நின்றுவிடும். அதற்காக இறக்கையின் அடியில், தாழ்வான இடத்தில் ஒரு வடிகுழாய். அதை அமுக்கிக் கண்ணாடி ஜாடியில் பிடித்தால் தண்ணீர் எண்ணெய்க்குக் கீழே தனியாக நிற்கும். சுத்தமான எண்ணெய் வரும்வரை பிடித்துவிட்டு, 'தண்ணீர் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் கோதண்டம் ஒரு நாளும் பொய்யாகப் போட்டதில்லை.

அப்படிப் பிடித்ததைத் திரும்ப விமானத்தில் ஊற்றக் கூடாது. கழிவுப் பீப்பாய்க்குப் போகும். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு அடிதடி நடந்த காலம். அவர் ஒரு கேனில் கொஞ்சம் எடுத்துக்கொள்வார். கேட்டில் கண்டும் காணாமல் விடுவார்கள். வீட்டில் ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துத் தம்பி தருமலிங்கத்துக்குக் கொடுப்பார். தம்பி படகில் புதிதாக மாட்டிய இன்ஜின் மண்ணெண்ணெயில் ஓடுவது.

எண்பத்து நாலு, ஐப்பசி. இரவு வேலை முடிந்து, ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ் என்று கேனோடு குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கினார். தம்பி காத்துக்கொண்டிருந்தான்.

"குடுண்ணா. வெளிய வஞ்சிரம் பட்டிருக்குதாம்."

"இன்னும் தெளியலடா. நாளிக்கு எட்த்துக்கோ."

"நாளிக்கு வரைக்கும் மீனு நிக்குமா? கடலப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?"

சுருக்கென்றது. தூக்கம் வேறு கண்ணைச் சொருகியது. கேனை நீட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஒரு டம்ளரில் பிடித்துப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது. முன்பின் தெரியாதவர்களுக்காகத் தினமும் இறக்கைக்கடியில் குனிந்த மனுஷனுக்குக் கூடப்பிறந்தவனுக்காகக் குனிய மனம் வரவில்லை.

முகத்துவாரத்தில், அலைக்கு நடுவே, இன்ஜின் நின்றது. படகு பக்கவாட்டில் திரும்பியது; அடுத்த அலை கவிழ்த்துப்போட்டது. கூடப் போன இருவரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். தருமலிங்கத்தின் உடல் மறுநாள் ஒதுங்கியது.

படகையும் இழுத்துவந்து போட்டார்கள். எண்ணெய் டேங்க் கட்டினபடியே இருந்தது, மூடி இறுக்கமாக. ஆளில்லாத நேரம் பார்த்து கோதண்டம் அதன் அடியிலிருந்து ஒரு டம்ளர் பிடித்தார். பாதிக்குமேல் தண்ணீர். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். மண்ணெண்ணெய் நாற்றம். உப்பு இல்லை. இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார். துளிகூட உப்பு இல்லை. கடல் தண்ணீராக இருக்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் கடலை வேண்டிக்கொண்டார்.

காரியம் முடிந்த அன்று தம்பி மனைவி தேவகி கேட்டாள்.

"மாமா, டேங்க்ல தண்ணி இருந்துச்சுனு இன்ஜின கழட்டுனவங்க சொல்றாங்க. நீங்க பாத்தீங்களா?"

"பாத்தம்மா. கடல் தண்ணி. கவுந்தப்போ பூந்துக்கிச்சு."

"அதான பாத்தேன். ஏரோப்ளேனுக்கே பாத்து ஊத்தறவராச்சே நீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடுப்புக்கு எண்ணெ இல்ல மாமா. அடுத்த வாட்டி வரும்போது கொஞ்சம் கொண்டாங்க."

கொண்டுவந்தார். இரண்டு நாள் அசையாமல் வைத்து, தெளியவிட்டுத்தான் கொடுத்தார்.