ஸ்டாண்டில் ஓடிய நூற்று எண்பத்தெட்டு கிலோமீட்டர்

2024 ஜூன் 12, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் பிடித்து வைத்து, பிரஷர் மாத்திரை போட்டு, இரண்டு தோசை சாப்பிட்டேன். ஆறு ஐந்துக்கு வேப்பம்பட்டு வீட்டிலிருந்து புது பைக்கை எடுத்தேன். மீட்டர் 367.8. செங்குன்றம் வழியாகக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேரும்போது ஏழு முப்பத்தாறு. மீட்டர் 412.6. வழியில் எங்கும் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. ஒரே வேகத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகவும் இல்லை.

புது எஞ்சின் பழகும்வரை, முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு இப்படித்தான் ஓட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் முதுகில் இடிப்பதுபோல ஹாரன் அடித்தன. அடிக்கட்டும் என்று இடது ஓரமாகவே போனேன்.

பழைய பைக்கை நான் அப்படிப் பழக்கவில்லை. வாங்கிய வாரமே எழுபதில் விரட்டினேன். இரண்டாம் வருடமே எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. போன வருடம் காரனோடைப் பாலத்துக்கு முன்னால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துப் பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குப் பின்னால் வந்த லாரி ஒரு கை தூரத்தில் நின்றது. அன்றிலிருந்து அவள் எந்த பைக்கிலும் ஏறவில்லை. புது வண்டிக்குப் பூஜை போட்ட அன்று, ஆயிரம் முடியட்டும், அதுவரை ஒழுங்காக ஓட்டினால் ஏறுகிறேன் என்றாள். தினமும் சாயங்காலம் எவ்வளவு ஆனது என்று கேட்பாள்.

எங்கள் கம்பெனியில் கியர் பெட்டி செய்கிறோம். புதுப் பெட்டி ஒவ்வொன்றையும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, எதிரே ஃபேன் வைத்து, சுமை இல்லாமல் நாலு மணி நேரம் ஓட்டுவார்கள். ஓட்டுகிற ஃபிட்டர் ஆரம்பாக்கத்துக்காரர், என்னோடு பதினெட்டு வருடமாக இருப்பவர். டெஸ்ட் ஷீட்டில் கையெழுத்துப் போடுவது நான். கேன்டீனுக்குப் பின்னால் இருக்கிற வண்டி ஷெட்டில் இடம் கம்மி. ஷிஃப்ட் மாறும்போது வண்டிகளை நகர்த்த வேண்டும் என்பதால் எல்லாரும் சாவியைச் சுவரில் இருக்கும் ஆணிப்பலகையில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம்.

நாலு முப்பத்தைந்துக்கு ஷெட்டுக்குப் போனேன். வண்டி சென்டர் ஸ்டாண்டில், பின்சக்கரம் தரையில் படாமல் நின்றது. இந்த வண்டிக்கு மீட்டர் பின்சக்கரத்தோடு ஓடும். எதிரே பெஞ்ச் ஃபேன். ஆக்ஸிலேட்டரில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. எஞ்சின் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு சூடு. மீட்டர் 601.0.

ஃபிட்டரும் பெஞ்ச் ஆட்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

“நாலு மணி நேரம் ஓட்டிட்டோம், இன்னும் நானூறுதான் நைனா,” என்றார் ஃபிட்டர். “நாளைக்கும் நாளன்னிக்கும் போட்டா ஆயிரம். ஞாயித்துக்கெழம அண்ணிய குந்த வச்சிக்கினு ஜம்முனு போ.”

“யாரக் கேட்டுப் போட்ட?”

“கேக்கறதுக்கு இன்னா இருக்குது. தெனம் ஒன்ன லாரிக்காரன் தொரத்திக்கினு வரான். முந்தாநேத்து கவரப்பேட்டைகிட்ட மண்ணுல எறங்கிட்டியாமே. நாங்க பாத்துக்கினு இருக்கணுமா?”

“அதுக்கு ஸ்டாண்டுல போட்டு ஓட்டுவியா?”

“நம்ம பெட்டிய அப்பிடித்தான ஓட்டறோம்? நீதான கையெழுத்துப் போடற.”

“ஃபேன் வச்சோம்ண்ணா,” என்றான் ஒருத்தன். “கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்ளோ காத்து வராது.”

மற்றவர்கள் சிரித்தார்கள். கியர் பெட்டிக்குள் நெருப்பு எரிவதில்லை. எஞ்சின் அப்படியில்லை. சுமை ஏறி இறங்கினால்தான் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு படியும். சும்மா ஒரே வேகத்தில் ஓட்டினால் சிலிண்டர் சுவர் வழவழப்பாகிவிடும், ரிங் எப்போதும் படியாது, ஆயுள் முழுக்க எண்ணெய் குடிக்கும். இதை நிதானமாகச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

“பதினெட்டு வருசமா பெஞ்சுல நிக்கற. இரும்பப் பத்தி இன்னா தெரிஞ்சிக்கின நீ?”

சிரிப்பு நின்றது. ஃபிட்டர் குனிந்து கம்பியைப் பிரித்தெடுத்தார். “ஒனக்காகத்தான் நைனா,” என்றார். அது உண்மை என்று எனக்குத் தெரியும். அதனால் கோபம் இன்னும் ஏறியது. கெடுதல் செய்தவனைத் திட்டித் தீர்க்கலாம். நல்லது செய்கிறேன் என்று கெடுத்தவனை என்ன செய்வது? எஞ்சின் ஆறும்வரை முக்கால் மணி நேரம் வண்டியின் பக்கத்திலேயே நின்றேன். அவர் போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை. நானும் கூப்பிடவில்லை.

செங்குன்றத்தில் ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

“இன்னிக்கு எவ்ளோ?” என்றாள் மனைவி.

“அறுநூத்தி நாப்பத்தஞ்சு.”

“காலைல முன்னூத்தி அறுபத்தேழுன்னீங்க.”

நடந்ததைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள்.

“அப்ப நான் ஏற மாட்டேன்,” என்றாள்.

“நான் ஒழுங்காத்தான் ஓட்டனேன்.”

“நீங்க ஓட்டனது சரி. அவங்க ஓட்டனத நம்பி நான் எப்பிடி குந்தறது?”

ஐந்து நாள் லாரிகளிடம் திட்டு வாங்கிச் சேர்த்த நம்பிக்கை ஒரு மத்தியானத்தில் போயிருந்தது. சாப்பிடும்போது ஃபிட்டரை மனத்துக்குள் மறுபடி மறுபடி திட்டினேன்.

ஜூன் 13, வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். தண்ணீர் பிடிப்பதற்கு முன், முதல் வேலையாக, எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினேன். எவர்சில்வர் தாம்பாளத்தின் மேல் வெள்ளைத் துணி விரித்து எண்ணெயை அதில் வடித்தேன். துணியில் மாவு போல உலோகத்தூள் மினுமினுப்பாகத் தங்கியது. உள்ளே ஏதாவது உடைந்திருந்தால் வரும் செதில் எதுவும் இல்லை. புது எஞ்சின் எதுவானாலும் முதல் எண்ணெயில் இந்த மினுமினுப்பு இருக்கும். நேற்றைய நாலு மணி நேரத்தில் வந்ததும் அதில் கலந்திருக்கலாம். இது நான் ஓட்டியதில் வந்தது, இது அவர்கள் ஓட்டியதில் வந்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

மனைவி வாசலுக்கு வந்து துணியைப் பார்த்தாள்.

“இன்னும் எவ்ளோ ஓட்டணும்?”

“நான் ஓட்டனத மட்டும் கணக்கு வச்சா, இன்னும் ஐந்நூத்தி நாப்பத்திரண்டு.”

“சரி, அது முடியட்டும்,” என்று உள்ளே போனாள். நான் போல்ட்டை இறுக்கிவிட்டுப் புது எண்ணெயை ஊற்றினேன்.