திருமால் கட்டிய பிராது

விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் டாக்டர் சுப்புராயன் கிளினிக் வைத்து முப்பது வருஷம் ஆகிறது. அறுபத்து மூன்று வயதில் அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஆசைதான். சளி, சர்க்கரை, சுளுக்கு என்று எல்லாவற்றுக்கும் முகம் கொடுக்கும் அந்த நாற்காலியில், தனக்குப் பிறகு யாராவது உட்கார வேண்டும். அதற்காகவே வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் மூன்று பேரை வரவழைத்து, பொது மருத்துவத்தின் பெருமையை நாள் முழுக்க எடுத்துவிடுவார். அவர்களும் நன்றாகத் தலையாட்டிவிட்டு, ஸ்கேன் படிப்புக்கோ தோல் படிப்புக்கோ போவதாகச் சொல்லி பஸ் ஏறுவார்கள். மனுஷர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டார்.

இந்த வருஷம் நர்ஸ் பாஞ்சாலை பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நோயாளிகளை வாசலிலேயே மடக்கி, டாக்டரைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள். காரியம் கெட்டது அங்கேதான். காதில் அழுக்கெடுக்க வந்தவர்கூடக் கையெடுத்துக் கும்பிட்டுக் கண் கலங்கினார். வந்திருந்த மாணவர்களில் ஸ்ரீசரணும் ஸ்மிருதியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாவதாக வந்திருந்த வெண்பா கொட்டாவி விட்டாள்.

அப்போது பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்க்கும் திருமால் இருமிக்கொண்டே உள்ளே வந்தார். பாஞ்சாலை சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. கொளஞ்சியப்பர் கோயிலில் டாக்டர் மேலேயே பிராது கட்டிவிட்டு வருவதாகச் சொல்லி, அதன் நகலை மேசையில் வைத்தார். மனக்குறையைத் தாளில் எழுதிக் கட்டினால் தொண்ணூறு நாளில் சாமி தீர்த்துவைக்கும் என்பது ஊரார் நம்பிக்கை. சுப்புராயனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. இந்த வருஷமும் போச்சு என்றே நினைத்தார். வெண்பா தாளை எடுத்து உரக்கப் படித்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா, பீடிய வுட்டாச்சா, பீடிய வுட்டாச்சான்னு கேக்குறாரு சாமி. பஸ் ஸ்டாண்டுல கேக்குறாரு. எம் பொண்ணு கல்யாணப் பந்தியில எலைக்கு முன்னால குந்திக்கினு கேட்டாரு. எம் பொண்டாட்டி செத்த அன்னிக்கு, வூட்டுக்கு வந்து தோள்ல கைய போட்டுக்கினு கேட்டாரு. நீதான் இவர என்னான்னு கேக்கணும்."

சிரித்துக்கொண்டே தொடங்கியவளுக்குக் கடைசியில் குரல் இறங்கிவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டு, திருமாலின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை இழுத்துவிடச் சொன்னாள். வெகுநேரம் கேட்டாள்.

"பீடிய வுட்டாச்சாங்க?" என்றாள்.

திருமால் டாக்டரை முறைத்தார். அடுத்த பிராதுக்கும் ஆள் கிடைத்துவிட்டது என்று முணுமுணுத்து, அவள் பேரைக் கேட்டார். சொன்னாள்.

"எந்த ஊரு அட்ரஸ்மா போடறது?"

வெண்பா கொஞ்சம் யோசித்தாள். "இந்தக் கிளினிக்கு அட்ரஸே போட்டுக்குங்க. படிச்சு முடிச்சிட்டு இங்கதான் வரப்போறேன்."

சுப்புராயன் மருந்து எழுதும் பேடிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவையும் சேர்த்துத் திருமாலிடம் நீட்டினார்.