எஸ்டேட் ஆபீஸின் ஒற்றை லைன்

கரடியூர் ராசம்மாள் மலைமேல் இருந்த எங்கள் எஸ்டேட் ஆபீஸைக் கூட்டுவார், டீ போடுவார். முன்பு காப்பிப் பழம் பறித்தவர். சரிவில் விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார்கள். கணவர் இல்லை. ஒரே மகள் காவேரி.

1999 மழைக்காலத்தில் காவேரி பிரசவத்துக்காகச் சேலம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிள்ளை குறுக்கே கிடப்பதாகச் சொல்லியிருந்தார்கள். சென்னையிலிருந்து முதலாளி வரும் நாள் என்பதால் ராசம்மாளுக்கு லீவு இல்லை.

"ஏதாச்சும்னா உம் மருமவன் போன் பண்ணட்டும். உடனே கீழ சேலத்துக்கு அனுப்பறேன்" என்றார் மேனேஜர்.

ஆபீஸில் இருந்தது ஒரே போன் லைன். அன்று அது கம்ப்யூட்டருக்கு வேண்டியிருந்தது. தொழிலாளர் விவரங்கள் சென்னைக் கம்ப்யூட்டரில், ஆளுக்கு ஓர் ஆவணமாக இருந்தன. இங்கே வலைப்பக்கத்தில் பெயரைத் தட்டினால் அந்த ஆவணம் வந்து திறக்க வேண்டும். அதை முதலாளிக்குக் காட்டச் சேலத்திலிருந்து சேகர் வந்திருந்தார். கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் மோடம் லைனில் இருக்கும்வரை வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு.

இதை ராசம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. சேகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆபீஸ் கிளார்க் நானும் சொல்லவில்லை. மணி அடிக்கவில்லையே என்று ராசம்மாள் அடுத்த அறையில் அதே லைனில் இருந்த போனின் ரிசீவரை எடுத்துப் பார்த்தார். இணைப்பு அறுந்தது. மறுபடி எடுத்தார். மறுபடியும் அறுந்தது.

"ஏனுங்க கண்ணு, உள்ள என்னமோ கீச்சு கீச்சுனு கத்துதுங்க. ஆஸ்பத்திரிங்களா?" என்று வந்து என்னைக் கேட்டார்.

"ஆமா, உம் பேரன்தான் கத்தறான்" என்றார் சேகர். முதலாளி சிரித்தார். மேனேஜர் அதைவிடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, அந்தப் போனைப் பிடுங்கி டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் பேசிக்கறனுங்க சாமி."

"நீ போன்லயே பிரசவம் பாக்கப் போறியா? போய் டீ கொண்டா."

கொண்டுவந்தார். காப்பிப் பழம் பறித்த எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அந்த அறையில் யார் பக்கம் உட்கார்ந்திருந்தேன்?

கடைசியில் இணைந்தது. "ராசம்மாளையே தட்டு" என்றார் மேனேஜர். திறந்தது. பெயர், ஊர், இடுப்புக் காயம், மகள் காவேரி.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி பாரம் இல்லீங்க. ஒவ்வொருத்தர் ஆவணத்துலயும் வேணுங்கறதைச் சேத்துக்கலாம், வேண்டாததை எடுத்துரலாம்" என்றார் சேகர். முதலாளி கைதட்டினார். படிக்கத் தெரியாத ராசம்மாள் டீத் தட்டோடு திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மோடத்தைக் கழற்றி, டிராயரில் இருந்த போனை எடுத்து மாட்டியதுமே மணி அடித்தது. மருமகன் மாதேஸ்வரன்.

"காத்தால புடிச்சு போன் அடிக்கறனுங்க அத்தை. எந்நேரமும் யாரோ பேசிட்டே இருக்கறாங்க. ரத்தம் வேணும்னாங்க, உங்க ரத்தம் சேரும்னாங்க. இனி வந்து என்னங்க, ரெண்டு உசுரும் போயிருச்சுங்க."

ராசம்மாள் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. மேனேஜர்தான் வாங்கி வைத்தார்.

காரியம் முடிந்து ராசம்மாள் வேலைக்குத் திரும்பிய அன்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ராசம்மாள் ஆவணத்துல காவேரி பேரை எடுத்துரு."

மோடத்தை மாட்டினேன்.

"இப்பப் போனைத் தொடக் கூடாதுங்களா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, ராசம்மாள் போனிலிருந்து விலகிச் சுவரோரம் போய் நின்றார்.

அன்று இணைப்பு முதல் தடவையிலேயே கிடைத்தது.