சுண்ணாம்புக்குக் கீழே போன மருந்து

பிலோமினா மிஸ்ஸி இறந்த செய்தி எனக்குக் கண்டிச் சந்தையில் கிடைத்தது. சொன்னவர் பல்லேகலப் பக்கத்துத் தோட்டத்தில் எங்களோடு இருந்தவர். "நல்ல சாவுங்க மாஸ்டர், தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். மிஸ்ஸி போய்விட்டார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு சுகமாக இருக்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அரசாங்க மருத்துவிச்சியாக எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கு வந்த அவரை உங்களில் பலர் அறிவீர்கள். அவர் வாய்க்கு அஞ்சி ஒளிந்தவர்களும் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் கோயிலுக்கு ஓடும் தாய்மாரிடம், "திருநீறு பூசுங்க, நானும் சிலுவை போடுறேன். ஆனா மொதல்ல ரத்தம் பாக்கணும்" என்பார்.

மகாவலியை மேலே மறித்த பிறகு எங்கள் பக்கம் ஆறு வற்றி, பாறைக் குழிகளில் மட்டும் தண்ணீர் தேங்கியது. நுளம்பு பெருகியது. மலேரியாவும் வந்தது. பெரியவர்கள் நடுங்கி எழுந்தார்கள், சிறுசுகள் எழவில்லை. சுவர்களில் நுளம்பு மருந்தடிக்க ஆட்கள் வந்தது பொங்கலுக்கு முந்தின கிழமை. சுவரெல்லாம் கறை, ஒரே நாற்றம். அவர்கள் போனதும் லயமே வழக்கம்போல் பொங்கலுக்கு வெள்ளையடித்தது. மருந்து சுவரில் இருந்தால்தான் நுளம்பு சாகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மாசியில் எங்கள் செல்விக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு வயதுகூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், லொறிக்குள், என் மனைவி கமலத்தின் மடியிலேயே போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஓர் அதிகாரி வந்தார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் கூட்டி, "மருந்தின் மேல் சுண்ணாம்பு அடித்தது தாய்மாரின் அறியாமை. அதனால்தான் பிள்ளைகள் சாகிறார்கள்" என்றார். கமலம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

மிஸ்ஸி எழுந்தார். "பொங்கலுக்கு இந்தச் சனம் வெள்ளையடிக்கும்னு கண்டியில ஒரு ஆளுக்கும் தெரியாதா? பொங்கல் முடிஞ்சு வாங்கன்னு நான் ஒங்க கந்தோர்ல வந்து கேட்டேனே! மருந்து எதுக்குன்னு தமிழ்ல சொல்ல ஒரு ஆள அனுப்புனீங்களா? ஆத்த மறிச்சது இவங்களா?"

"இது அரசியல் பேசுற எடமில்ல, மிஸ்."

"புள்ள செத்த எடம்யா இது!"

அதற்காக அவரைக் கலஹாவுக்குத் தூக்கியடித்தார்கள். மறு வருடம் மருந்தடிப்பு பொங்கலுக்குப் பிறகு நடந்தது. யார் கேட்டதால் என்று அதிகாரிகளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தார்கள்.

கமலம் தேறவில்லை. "நாந்தானே அடிச்சேன், எங்கையாலதானே அடிச்சேன்" என்பதே பேச்சு. நான் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அந்த மறு வருடப் பொங்கலுக்கு லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா மட்டும் வெள்ளையடிக்காமல் கிடந்தது. போகிக்கு முதல்நாள் மிஸ்ஸி கலஹாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்து இறங்கினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியில் சுண்ணாம்பைக் கரைத்தார்.

"எந்திரி கமலம். வெள்ளையடிக்கிறது குத்தமில்ல. குத்தம் செஞ்சவன் கண்டியில கதிரையில சொகமா ஒக்காந்திருக்கான். நீ எதுக்கு மூலையில குந்தியிருக்க?"

கமலம் பிரஷைத் தொட வெகுநேரமானது. பிறகு அழுதுகொண்டே அடித்தாள். மிஸ்ஸி தேற்றவில்லை. அந்த அதிகாரியை உரக்கத் திட்டிக்கொண்டே மற்றச் சுவரை முடித்தார்.

நேற்று அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் பஸ்ஸில் கமலம் சொன்னாள்: "அன்னைக்கு அந்தம்மா வரலன்னா, மறுநா நான் ஆத்துப் பக்கம் போயிருப்பேங்க. முடிவே பண்ணியிருந்தேன்." இத்தனை வருடத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மிஸ்ஸி எனக்கு என்ன விட்டுப்போனார் என்று கேட்டால், என் மனைவியை.