பேப்பர்த் தம்பி

எங்கள் ஆய்வகத்தில் நோயாளிக்கு முகம் கிடையாது. பையும் குழாயும் அவற்றின் மேல் ஒட்டிய லேபிளும்தான். சென்னையில் வார்டு வார்டாக ஓடி அலுத்துப்போய்த்தான் மாண்ட்ரியலுக்கு இந்த ஃபெலோஷிப்புக்கு வந்தேன். ஒருவரின் ஸ்டெம் செல்லை எடுத்து, உறைய வைத்து, அது இன்னொருவருக்குப் பொருந்துமா என்று சொல்லும் படிப்பு. அழுகிற சொந்தக்காரர்கள் இல்லாத மருத்துவம் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி.

அங்கே தமிழ் பேசும் டாக்டர் நான் ஒருத்திதான் என்று தெரிந்ததும் மாடி வார்டிலிருந்து அழைப்பு வந்தது. நோயாளி யாழ்ப்பாணத்துக்காரர். சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் பெட்டி அடுக்குகிறவர். ரத்தப் புற்றுநோய். கீமோவில் நோய் அடங்கியிருந்தது. அது திரும்பி வருவதற்குள் பொருத்தமான ஒருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றியாக வேண்டும். தொலைபேசி மொழிபெயர்ப்பாளரிடம் அவர் வாயே திறக்கவில்லையாம்.

கட்டிலருகே அவருடைய தம்பி நின்றார். தம்பிக்கு புரோசார்டில் வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள். அண்ணன் கல்யாணமே செய்யாமல் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்துவிட்டவர். தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக இருந்தார்.

"என்ர ரத்தம் எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்கோ, டொக்டர்."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சோதனை முடிவு வந்தது. துளிகூடப் பொருந்தவில்லை. கூடப்பிறந்தவர்களுக்குள்ளும் இப்படி நடப்பதுண்டு என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கொடையாளர் பதிவேடுகளில் தேடினோம். தமிழர்கள் அவற்றில் குறைவு, ஒருவரும் கிடைக்கவில்லை. வேறு அண்ணன் தம்பி உண்டா என்று கேட்டேன். கேள்வி முடியுமுன்பே அண்ணன் "இல்லை" என்றார்.

தம்பி என் பின்னாலேயே லிஃப்ட் வரை வந்தார். யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"டொக்டர், நான் அவற்ர தம்பி இல்லை. பக்கத்து வீட்டுப் பெடியன்."

அண்ணன் முதலில் அகதியாக வந்தவர். பெற்றோர் ஷெல்லடியில் இறந்ததும், ஊரில் அநாதையாக நின்ற சொந்தத் தம்பிக்கு ஸ்பான்சர் செய்திருக்கிறார். விசா வந்தபோது தம்பி இயக்கத்துக்குப் போயிருந்தான். செத்துவிட்டான் என்றே ஊர் சொன்னது. ஒரு உயிராவது தப்பட்டும் என்று அவன் பெயரில், அவன் பிறந்த தேதியில், பக்கத்து வீட்டுப் பையனை விமானம் ஏற்றிவிட்டார்கள். போர் முடிந்ததும் சொந்தத் தம்பி முகாமிலிருந்து உயிரோடு வெளியே வந்தார். இப்போது கிளிநொச்சியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஆனால் பேப்பரின்படி அவர் புரோசார்டில் இருக்கிறார்; காலையில் சின்னவனை கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே மாடிக்குத் திரும்பினேன்.

"ஏண்ணா, உயிரே போகப் போகுது, இப்பப் போய் பேப்பரைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு இருக்கீங்க! நாங்க இமிகிரேஷனுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"நீங்கள் சொல்ல மாட்டியள், பிள்ளை. பேப்பர் சொல்லும். இவன்ர பிள்ளையள் இஞ்ச பிறந்ததுகள். தகப்பனைத் திருப்பி அனுப்பிப்போட்டு நான் இருந்து என்ன செய்யிறது?"

"கிளிநொச்சித் தம்பியைப் பெரியம்மா மகன்னு சொல்லுங்க. அங்கேயே கன்னத்துக்குள்ள பஞ்சால துடைச்சு அனுப்பினா போதும், சோதிச்சிடலாம்."

"பெரியம்மான்ர மகனுக்கு முழுக்கப் பொருந்துமோ?"

அநேகமாகப் பொருந்தாது. பொருந்தினால், எங்கள் தொழிலில் இருக்கும் எவரும் அவர் யார் என்று ஊகித்துவிடுவார். நான் புத்தகம் புத்தகமாகப் படித்ததை அவர் படுத்த படுக்கையிலேயே பயத்தால் கண்டுபிடித்துவிட்டார்.

வாரங்கள் போயின. பேப்பர்த் தம்பி வேலை முடிந்து தினமும் வந்து கெஞ்சினார். "அண்ணை, நானே போய் உண்மையைச் சொல்லிப்போடுறன்." "நீ வாயைத் திறந்தாயெண்டா ஒரு மருந்தும் ஏத்த விடமாட்டன்" என்பார் அண்ணன். எனக்கு இருவர் மேலும் எரிச்சல் வந்தது. அவர்களை அப்படிப் பயப்பட வைத்தவர்கள் எல்லோர் மேலும் வந்தது. எரிச்சலால் யாருக்கும் ஒரு செல்கூடக் கூடவில்லை.

கடைசியில் அவரை இளக வைத்தது தம்பியின் மகள். தமிழ் சரியாக வராத பிள்ளை. "பெரியப்பா, எப்ப வீட்ட வாறீங்கள்?" என்று அவள் கேட்டாள். அன்று மாலை அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"சரி. பெரியம்மான்ர மகன் எண்டே எழுதுங்கோ."

பஞ்சு வந்து சேர்ந்தது. முடிவைத் திரையில் முதலில் பார்த்தது நான்தான். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியும் பொருந்தியது. லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி ஓடினேன். வார்டு டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். அன்று காலைதான் எலும்பு மஜ்ஜைச் சோதனை வந்திருந்தது. நோய் திரும்பிவிட்டது. மறுபடி கீமோ கொடுத்தார்கள், அது கேட்கவில்லை. நுரையீரலில் கிருமி பிடித்தது. பனி கரையுமுன்பே போய்விட்டார்.

எனக்குக் கற்பிக்கும் பேராசிரியர் வாராந்தரக் கூட்டத்தில் அந்த முடிவை எடுத்துக் காட்டினார். பெரியம்மா மகன் இப்படிப் பொருந்துவது அபூர்வம், மாநாட்டுக்கு எழுது என்றார். நோயாளியின் சம்மதம் இல்லை என்றேன். பொருந்திய வரிகளை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு ஃபைலை மூடிவிட்டு அடுத்த நோயாளிக்குப் போனார்.

மரண அறிவித்தல் இணையத்தில் வந்தது. ஈழத்தவர் வழக்கப்படி பிறந்த ஊர், வசித்த ஊர், பெற்றோர், பிறகு உடன்பிறந்தவர்கள், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடு. அன்புச் சகோதரர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. பக்கத்தில் கனடா என்று போட்டிருந்தது.

தகனத்தன்று காலை பேப்பர்த் தம்பி ஃபோன் செய்தார். கிரியை செய்யப்போவது அவர்தான்.

"கிளிநொச்சியில அவற்ர சொந்தத் தம்பி அறிவித்தலைப் பாத்திட்டார், டொக்டர். தன்ர பேரைப் போட்டதுக்கு நன்றி எண்டு சொன்னவர்."